9 வோல்ட் ஊருக்கு வந்த 18 வோல்ட் விருந்தாளி

மேடையில் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் ஒரு சின்னப் பலகை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் கலர் கலராக நாலைந்து உலோக டப்பாக்கள் இருக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் சத்தம் மாறும். டப்பாவுக்குப் பெயர் பெடல், பலகைக்குப் பெயர் பெடல்போர்டு. கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்களும் தைரியமாக மேலே படிக்கலாம். இதில் இசை கொஞ்சம்தான், மீதியெல்லாம் நாம் முதல் வருடத்தில் தூங்கிக்கொண்டே கேட்ட சர்க்யூட் தியரி.

பிரச்சினை இதுதான். பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசியில் ஓடுபவை. பவர் சப்ளை வாங்கினாலும் அதில் இருக்கும் துளைகள் பெரும்பாலும் 9 வோல்ட்தான். இந்தக் கூட்டத்துக்குள், நீங்கள் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஃப்ளாஞ்சர் மட்டும் "எனக்கு 18 வேணும்" என்று தனியாக நிற்கும். எம்.எக்ஸ்.ஆர். எம்117ஆர் ஃப்ளாஞ்சர் அந்த ரகம். அதே கம்பெனியின் 10 பேண்ட் ஈக்யூவும் அப்படியே. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் எக்ஸ்ஓ டிலக்ஸ் மெமரி மேன் இன்னும் ஒரு படி மேலே போய் 24 கேட்கும்.

பலகை பெரிதாக இருந்தால் கவலையே இல்லை. பெடலோடு வந்த அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் ஹாஸ்டலுக்கும் ஊருக்கும் அலைகிற நம்மிடம் இருப்பது பெடல்டிரெய்ன் நானோ அளவுப் பலகைதான். 14 அங்குல நீளம், 5.5 அங்குல அகலம். எம்.எக்ஸ்.ஆர். சைஸ் டப்பா ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.4 அங்குல அகலம். கணக்குப்படி ஐந்து நிற்கும், இடையில் பேட்ச் கேபிள் பிளக்குக்கு இடம் விட்டால் நாலு. அடியில் கை விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. இதில் 18 வோல்ட்டை எங்கிருந்து, எப்படிக் கொண்டு வருவது? தப்பாகச் செருகினால் புகையாகப் போவது பல மாத பாக்கெட் மணி என்பதால், செருகுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்.

முதலில், ஏன் எல்லாரும் 9?

பேட்டரிதான் காரணம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடுவோமே, அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் பழைய பெடல்கள் வடிவமைக்கப்பட்டன. அடாப்டர் வந்தபோது அதுவும் 9 ஆகவே வந்தது. பெடல் அடாப்டரின் நடு முனை நெகடிவாக இருப்பதற்கும் இதே பேட்டரிதான் காரணம். கிட்டார் கேபிளைச் செருகும் ஜாக்கே பேட்டரியின் நெகடிவ் பக்கத்துக்கு ஸ்விட்ச். கேபிளை உருவினால் பேட்டரி அணைந்துவிடும். அடாப்டரைச் செருகினால் பேட்டரி விலக வேண்டும். அதற்கு மிச்சம் இருப்பது பாசிடிவ் பக்கம்தான். அந்த டிசி ஜாக்கில் ஸ்விட்ச் இருப்பது வெளி உறையைத் தொடும் தகட்டில். ஆகவே வெளியே பாசிடிவ், நடுவே நெகடிவ். கிறுக்குத்தனமாகத் தெரிந்தாலும் காரணத்தோடு வந்த வழக்கம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வீட்டு வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரும் பெடல் அடாப்டரும் வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதே பிளக், அதே தடிமன். ஆனால் ரூட்டர் அடாப்டர்களில் பொதுவாக நடு முனை பாசிடிவ். "12 தானே, தாங்கிக்கும்" என்று செருகினால் முதலில் சாவது பெடலுக்குள் காவல் நிற்கும் டையோடு. அதுவும் இல்லாத பெடல் என்றால் ஐசி நேராகப் போய்ச் சேரும்.

18 கேட்பதற்கு என்ன நியாயம்?

ஒரு பெடலுக்குள் டிஎல்072 ஆப்-ஆம்ப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்ம லேப் டப்பாவில் குவிந்து கிடக்குமே, அதே எட்டுக் கால் பூச்சிதான். 9 வோல்ட் சப்ளையில் சிக்னல் நடுவில், 4.5 வோல்ட்டைச் சுற்றி ஆடும். ஆனால் இந்த ஆப்-ஆம்ப்பின் வெளியீடு சப்ளையின் விளிம்பு வரை போகாது. மேலே ஏறக்குறைய 1.5, கீழே 1.5 வோல்ட் விட்டுத்தான் நிற்கும். ஆக ஆடக் கிடைப்பது மேலே 3, கீழே 3, மொத்தம் 6 வோல்ட்.

அதையே 18 வோல்ட்டில் வைத்தால் நடு 9. விளிம்பில் விடுவது அதே 1.5 தான், அது கூடாது. ஆக மேலே 7.5, கீழே 7.5, மொத்தம் 15 வோல்ட். சப்ளை இரண்டு மடங்கு ஆனது, ஆடும் இடமோ இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. டெசிபலில் சொன்னால் 6 அல்ல, 8. ஹெட்ரூம், ஹெட்ரூம் என்று கிட்டார்காரர்கள் உருகுவது இதைத்தான்.

இந்த இடம் யாருக்குத் தேவை? சிக்னலைப் பெரிதாக்கிவிட்டுச் சுத்தமாகவும் வைத்திருக்க நினைக்கும் பெடலுக்கு. பத்து பேண்ட் ஈக்யூவில் ஒவ்வொரு சறுக்குப் பட்டனும் 12 டெசிபல் வரை ஏற்றும், அதாவது நாலு மடங்கு. ஹம்பக்கர் பிக்கப்பில் ஓங்கி ஒரு கார்டு அடித்தால் உச்சம் ஒரு வோல்ட்டைத் தொடும். அது நாலு மடங்கானால் 4. 9 வோல்ட் சப்ளையில் 3-க்கு மேல் தலை இடிக்கும் என்று இப்போதுதான் பார்த்தோம். 18-ல் தாராளமாகப் போகும். நியாயமான கோரிக்கை.

இன்னொரு நியாயமும் உண்டு. பழைய அனலாக் டிலே பெடல்களில் எம்என்3005 என்று ஒரு சிப் வரும். தீயணைக்க வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றுவார்கள் இல்லையா, அதுபோல சிக்னலைச் சின்னச் சின்ன மின்னூட்டங்களாக 4096 படிகள் வழியே கைமாற்றி அனுப்பி, அந்தத் தாமதத்தையே எதிரொலியாக்கும் சிப் அது. 15 வோல்ட் சப்ளையில் ஓடுவதற்காகப் பிறந்தது. அதனால்தான் பழைய டிலக்ஸ் மெமரி மேன் நேராகச் சுவர் பிளக்கில் செருகும் பெட்டியாக இருந்தது, பிறகு வந்த எக்ஸ்ஓ 24 வோல்ட் அடாப்டரோடு வந்தது. பின்னாளில் எம்என்3205 என்று 5 வோல்ட் ரக வாளி வரிசை வந்ததும்தான் 9 வோல்ட்டிலேயே இந்த வேலை சுலபமாயிற்று.

மூன்றாவது, வால்வு பெடல். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஹீட்டர் மட்டுமே 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் குடிக்கும், கிட்டத்தட்ட 1.9 வாட். சத்தமே வருவதற்கு முன் ஆகும் செலவு இது. இந்த ரகத்தில் சில, வெளியிலிருந்து 12 வோல்ட் வாங்கி உள்ளே அதை 200, 300 வோல்ட் வரை ஏற்றிக்கொள்ளும். அந்த டப்பாவைத் திறந்து நோண்டும் ஆசை வந்தால், பிளக்கை உருவின பிறகும் உள்ளே கபாசிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

கேட்பது வேறு, தாங்குவது வேறு

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 18 நல்லது என்று கேள்விப்பட்டதும் எல்லாவற்றுக்கும் 18 ஊட்டத் தோன்றும். பெடல்கள் இந்த விஷயத்தில் மூன்று குணம் கொண்டவை.

எம்117ஆர் மாதிரி 18 கேட்பவைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஃபுல்டோன் ஓசிடி, எக்ஸோடிக் ஈபி பூஸ்டர் மாதிரியானவை 9 முதல் 18 வரை எதைக் கொடுத்தாலும் ஓடும், கொடுப்பதைப் பொறுத்துக் குணம் கொஞ்சம் மாறும். மூன்றாவது ரகம்தான் ஆபத்து. வெளியே பார்க்க 9 வோல்ட் சாது, உள்ளே தானே வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டிருக்கும். கிளான் சென்டார் இதற்குப் பேர்போனது. 9 வோல்ட்டை வாங்கி உள்ளே இருக்கும் சார்ஜ் பம்ப் சிப்பால் 18-ம், மைனஸ் 9-ம் தயாரித்துக்கொள்ளும். "இவ்வளவு நல்ல பெடலுக்கு 18 கொடுத்தா இன்னும் நல்லா இருக்குமே" என்று யாராவது கொடுத்தால் கதை முடிந்தது. அந்தச் சிப் மேக்ஸ்1044 என்றால் அது தாங்கும் உச்ச வரம்பே 10.5 வோல்ட்தான்.

10.5 என்ற எண்ணை இன்னொரு காரணத்துக்காகவும் குறித்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள், மேலே 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், லோடு குறைவாக இருக்கும்போது 12, 13 வோல்ட் கூடக் காட்டும். அதாவது 18-ஐச் செருகாமலேயே, 9 என்று ஒட்டப்பட்ட ஒன்றை வைத்தே இந்தச் சிப்பைக் கொன்றுவிடலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் லேபிளை நம்பாதீர்கள்.

டியூப் ஸ்க்ரீமர் மாதிரி ஓவர்டிரைவ்களில் 18 கொடுத்துப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அங்கே சிக்னலை நறுக்குவது சப்ளை அல்ல, ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டப் பாதையில் இருக்கும் சிலிக்கான் டையோடுகள். அவை ஏறக்குறைய 0.6 வோல்ட்டிலேயே நறுக்க ஆரம்பித்துவிடும். மேலே கூரையை எவ்வளவு உயர்த்தினாலும் கதவின் உயரம் அதேதான். லாபம் இப்படி, நஷ்டமோ பெரிது. 9 வோல்ட்டுக்காக மட்டும் வடிவமைத்த பெடல்களில் 16 வோல்ட் கபாசிட்டர் இருப்பது சகஜம்.

இன்னொன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 18 வோல்ட் பூஸ்டர் ஒன்று 5 வோல்ட் உச்சமுள்ள சுத்தமான சிக்னலை வெளியே அனுப்புகிறது என்று வையுங்கள். அடுத்து நிற்பது 9 வோல்ட் பெடல். அதற்குள் இடம் 3 வோல்ட்தான். அகலமான சாலையில் வந்த பஸ்ஸைச் சந்துக்குள் திருப்பிய மாதிரி, அங்கே போய் இடிக்கும். அதனால் 18-ன் பலன் முழுசாக வேண்டுமென்றால் அந்தப் பெடல் வரிசையில் கடைசியாக, நேராக ஆம்ப்ளிஃபயருக்கு முன் நிற்க வேண்டும். நடுவில்தான் நிற்கப் போகிறது, அது "தாங்கும்" ரகம்தான் என்றால், 9-லேயே விட்டுவிடுங்கள். சின்னப் பலகையில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு முடிவிலேயே தீர்ந்துவிடும்.

சரி, கேட்பவைக்கு எப்படிக் கொடுப்பது?

கையில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்லெட் கொண்ட நல்ல சப்ளை இருந்தால் வேலை சுலபம். அதில் இரண்டு 9 வோல்ட் அவுட்லெட்டை சீரிஸில் சேர்த்தால் 18. அதற்கென்றே ஒய் வடிவ கேபிள் விற்கிறார்கள், நாமே ஈயம் வைத்தும் செய்யலாம். ஒன்றின் பாசிடிவை மற்றதன் நெகடிவோடு சேர்த்து, மிச்சமுள்ள இரு முனைகளைப் பெடலுக்குக் கொடுக்க வேண்டும். பெடலுக்குப் போகும் பிளக்கிலும் நடு முனை பெடல் கேட்கும் பக்கம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட்டேஜ்தான் கூடும், கரண்ட் கூடாது. இரண்டும் 100 மில்லி ஆம்பியர் என்றால் கிடைப்பது 18 வோல்ட்டில் அதே 100.

"தனித்தனி" என்ற சொல்தான் இதில் உயிர். பத்துத் துளை, பளபள எல்இடி, விலை மலிவு என்று வரும் பெட்டிகளில் பலவற்றில் எல்லா நெகடிவும் உள்ளே ஒரே கிரவுண்ட். அதில் இந்தக் கேபிளைப் போட்டால் ஒரு அவுட்லெட்டின் பாசிடிவை நேராகக் கிரவுண்டில் சேர்த்த மாதிரி, சுத்தமான ஷார்ட். கண்டுபிடிப்பது எளிது. பெட்டியை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, இரண்டு அவுட்லெட்டுகளின் நடு முனைகளைத் தொடுங்கள். பீப் அடித்தால் அவை தனித்தனி இல்லை. அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இன்று வரும் ஒல்லியான ஸ்விட்சிங் சப்ளைகளில் ஒவ்வொரு அவுட்லெட்டிலும் வோல்ட்டேஜைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. சியோக்ஸ் டிசி7-ஐ உதாரணமாக எடுங்கள். 9 வோல்ட்டில் 660 மில்லி ஆம்பியர், 12-ல் 500, 15-ல் 400, 18-ல் 330. பெருக்கிப் பாருங்கள், எல்லாமே ஏறக்குறைய 6 வாட். கொடுப்பது வாட், அதை எந்த வடிவில் வாங்குகிறீர்கள் என்பதுதான் உங்கள் விருப்பம். நானோ பலகைக்கு அடியில் நுழையும் ரகமும் இதுதான். காசு இருந்தால் இத்தோடு கட்டுரையை மூடிவிட்டு இதில் ஒன்றை வாங்கிவிடலாம். காசு இல்லாதவர்கள் தொடர்ந்து படிக்கவும். பெரும்பான்மை நாம்தான்.

ஏற்றுவது: ரிச்சி தெரு வழி

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ எம்டி3608 என்ற கட்டை விரல் அளவு பூஸ்ட் மாட்யூல் மிக மலிவாகக் கிடைக்கும். 9 வோல்ட்டை உள்ளே விட்டு 18-ஐ வெளியே எடுக்கலாம். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் அடக்கிவிடலாம். சின்னப் பலகைக்கு வரப்பிரசாதம் மாதிரி தெரியும். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, வோல்ட்டேஜ் இலவசம் இல்லை. ஃப்ளாஞ்சர் 18 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்தால் அது 0.9 வாட். மாட்யூலின் செயல்திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே போக வேண்டியது 1.06 வாட். 9 வோல்ட் பக்கம் அது 118 மில்லி ஆம்பியர். அதாவது 100 மில்லி ஆம்பியர் அவுட்லெட் போதாது. "50 தானே எடுக்குது, 100-ல் மாட்டினா ஏன் சத்தம் கரகரங்குது" என்ற கேள்விக்கு விடை இதுதான். கிளிக் செய்ததும் கபாசிட்டர்கள் நிரம்ப எடுக்கும் திடீர் கரண்ட் தனிக் கணக்கு.

இரண்டாவது, இரைச்சல். எம்டி3608 ஸ்விட்ச் ஆகும் வேகம் 1.2 மெகா ஹெர்ட்ஸ். காதுக்கு எட்டாத உயரம், ஆகவே பிரச்சினை இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் லோடு மிகக் குறைவாக இருக்கும்போது இந்தச் சிப் முழு வேகத்தில் ஓடாது. தேவைப்படும்போது மட்டும் சில துடிப்புகளை விட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அந்த விட்டுவிட்டு வரும் தாளம் கேட்கும் எல்லைக்குள் இறங்கி வரலாம். உங்கள் பெடல் வெறும் 8, 10 மில்லி ஆம்பியர் எடுக்கும் ரகம் என்றால், "ஙீ" என்று ஒரு கொசு கூடவே பாடும். மாட்யூலின் வெளியீட்டில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், அதன் பின் கிரவுண்டுக்கு ஒரு 470 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் வைத்தால், 34 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை எல்லாம் அடங்க ஆரம்பிக்கும். 50 மில்லி ஆம்பியரில் இதனால் இழப்பது அரை வோல்ட், பரவாயில்லை. கபாசிட்டர் 35 வோல்ட் ரகமாக இருக்கட்டும். லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேட்டு, ஆசிலோஸ்கோப்பில் ஏசி கப்ளிங் வைத்து முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது, அந்த மாட்யூலில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. பல சுற்று சுற்றினால்தான் வோல்ட்டேஜ் மாறத் தொடங்கும். கடையிலிருந்து வரும்போது அது எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது, மேல் எல்லையான 28 வோல்ட் பக்கம் கூட இருக்கலாம். பெடலை மாட்டாமல், மல்டிமீட்டரை மட்டும் மாட்டி 18-க்குக் கொண்டுவந்து, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து ஆடாமல் செய்யுங்கள். நகப்பூச்சு யாரிடம் வாங்குவது என்பது உங்கள் சாமர்த்தியம்.

கரண்ட் மிகக் குறைவாகக் கேட்கும் ஒரே ஒரு பெடலுக்கு மட்டும் என்றால், காயில் இல்லாத சார்ஜ் பம்ப் இன்னும் அமைதியானது. எல்டி1054 சிப், இரண்டு ஷாட்கி டையோடு, இரண்டு மூன்று கபாசிட்டர், அவ்வளவுதான் சர்க்யூட். 9-ஐ இரண்டு மடங்காக்கி, டையோடுகளில் கொஞ்சம் இழந்து, 17 சொச்சம் தரும். கிட்டார் பெடலுக்கு 17-க்கும் 18-க்கும் வித்தியாசம் காதில் கேட்காது. ஒரே எச்சரிக்கை: மேக்ஸ்1044-ல் முதல் காலை எட்டாவது காலோடு சேர்த்தால் ஸ்விட்ச் வேகம் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும், அதனால் அதற்கான வரைபடங்களில் இந்த இணைப்பு இருக்கும். எல்டி1054-ல் முதல் காலுக்கு வேலையே வேறு, அது சிப்பை அணைக்கவும் கட்டுப்படுத்தவும் இருப்பது. இரண்டுக்கும் ஒரே சாக்கெட் பொருந்துகிறது என்பதற்காக அதே இணைப்போடு மாற்றிச் செருகாதீர்கள்.

இறக்குவது: என் ஓட்டு இதற்குத்தான்

பலகையில் 18 கேட்பது ஒன்றுக்கு மேல் என்றாலோ, அது நிறையக் குடிக்கும் ரகம் என்றாலோ, 9-லிருந்து மேலே ஏறுவதை விட 18-லிருந்து கீழே இறங்குவது எவ்வளவோ நிம்மதி. நல்ல, ரெகுலேட் செய்யப்பட்ட 18 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. 18 கேட்பவைக்கு நேராக அதிலிருந்தே வயர். மற்றவற்றுக்கு 7809 ரெகுலேட்டர் வழியாக 9. அந்த மலிவுப் பெட்டிகளில் பலவற்றுக்குள்ளும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், பல சமயம் 18 என்றுதான் எழுதியிருக்கும்.

7809 ஸ்விட்ச் ஆகாது, ஆகவே கொசு பாடாது. அதன் குறை சூடு. 18-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும் 9 வோல்ட்டை முழுக்க வெப்பமாகத்தான் அது தொலைக்க வேண்டும். 100 மில்லி ஆம்பியரில் 0.9 வாட். ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 உறையில் ஒரு வாட்டுக்கு 65 டிகிரி ஏறும் என்பது டேட்டாஷீட் கணக்கு, ஆக 58 டிகிரி ஏறும். நம்ம ஊர் மதியத்துக்கு 35 டிகிரி வைத்தால் உள்ளே 93. சிப் தாங்கும், உங்கள் விரல் தாங்காது. டியூனர், ஓவர்டிரைவ், கோரஸ் எல்லாம் சேர்ந்து இந்த 100-க்குள் அடங்கினால் இதுவே போதும். ரெகுலேட்டரின் முதுகைப் பலகையின் அலுமினியத்தோடு மைக்கா தாள் வைத்து இறுக்கிவிட்டால் பலகையே ஹீட் சிங்க்.

டிஜிட்டல் டிலே வந்தால் கணக்கு மாறும். ஸ்ட்ரைமன் டைம்லைன் குறைந்தது 300 மில்லி ஆம்பியர் கேட்கும். 7809-ல் அது 2.7 வாட் வெப்பம், இஸ்திரிப் பெட்டிதான். அதற்கு மட்டும் எல்எம்2596 பக் மாட்யூல் வைக்கலாம். 150 கிலோ ஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும், சூடு குறைவு. டிஜிட்டல் பெடல் உள்ளே அதுவே ஒரு கடிகாரத்தோடு ஓடுவதால் சப்ளையின் சிறு இரைச்சலைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. அது கிரவுண்ட் வழியே அண்டை வீட்டுக்கு அனுப்பும் இரைச்சல்தான் தொல்லை. அதனால் ஒவ்வொரு பெடலின் கிரவுண்ட் வயரையும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுக்காமல், அடாப்டர் நுழையும் ஒரே புள்ளியிலிருந்து தனித்தனியாகக் கொண்டு போங்கள்.

இந்த வழியில் எல்லாப் பெடலுக்கும் கிரவுண்ட் பொது என்பதை மறைக்கக் கூடாது. பாசிடிவ் கிரவுண்ட் கொண்ட பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெடல் ஏதாவது இருந்தால் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே முடியாது, சேர்த்தால் ஷார்ட். அதற்குப் பேட்டரிதான் மரியாதை. பழைய டிஜிடெக் வேமி 4, லைன் 6 டிஎல்4 இரண்டும் 9 வோல்ட்தான், ஆனால் ஏசி. அவையும் இந்தக் கதையில் வராது.

வயர் ஓட்டும்போது

சின்னப் பலகையில் எல்லாம் எல்லாவற்றுக்கும் பக்கத்து வீடு. பூஸ்ட், பக் மாட்யூல்களில் இருக்கும் காயிலும், சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மரும் சும்மா இருக்காது, சுற்றிலும் காந்தப்புலத்தைத் தெளித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடிப்பதற்கென்றே பிறந்தது வா பெடல். அதற்குள்ளும் ஒரு இண்டக்டர் உண்டு. இவற்றை எதிரெதிர் மூலையில் வையுங்கள். பவர் வயரும் சிக்னல் வயரும் ஒன்றை ஒன்று தாண்ட வேண்டி வந்தால் குறுக்கே தாண்டட்டும், கூடவே ஓட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து அத்தையோ சித்தப்பாவோ கொண்டு வந்த பெடலோடு வந்த அடாப்டர் என்றால், செருகும் முன் அதன் வயிற்றில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் நல்லது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம்ம 230-ல் அதற்கு ஆயுசு சில நிமிடம்தான். நேராகச் சுவரில் செருகும் அந்தப் பழைய மெமரி மேன் பெட்டிகளுக்கும் இதே விதி.

மேடையில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதே தெரியாத கல்ச்சுரல்ஸ்களுக்கு யூஎஸ்பி-சி பவர் பேங்க் ஒரு நல்ல மாற்று. பிடி வசதி உள்ளவற்றிடம் ஒரு சின்ன டிரிகர் போர்டு மூலம் 9, 15, 20 வோல்ட் கேட்டு வாங்கலாம். "9 முதல் 18 வரை" தாங்கும் பெடலுக்கு 15 தாராளம். மேலே போட்ட கணக்கில் 15 வைத்தால் ஆடும் இடம் 12 வோல்ட், 9-ல் கிடைத்ததைப் போல் இரண்டு மடங்கு. 18-ஐத்தான் கேட்பேன் என்னும் பெடலுக்கு 20-ஐ நேராகக் கொடுக்காதீர்கள், ஒரு பக் மாட்யூலால் 18-க்கு இறக்கிக் கொடுங்கள். பேட்டரி என்பதால் மேடை மெயின்ஸின் ஹம் இந்த வழியாக உள்ளே வராது. ஒரே குறை, மிகக் குறைவாகக் கரண்ட் எடுத்தால் சில பவர் பேங்குகள் "யாரும் இல்லை போல" என்று தானே அணைந்துவிடும். பாட்டு நடுவில் அணைவதை விட, ரிகர்சலில் ஒரு மணி நேரம் மாட்டி வைத்துப் பார்த்துவிடுவது மேல்.

எல்லாம் முடிந்து முதல் தடவை ஆன் செய்யும்போது பெடல் எதையும் மாட்டாதீர்கள். ஒவ்வொரு பிளக்கிலும் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை வெளி உறையிலும் கருப்பு முனையை நடுவிலும் வைத்து வோல்ட்டேஜைப் பாருங்கள். மைனஸ் காட்டினால் துருவம் தப்பு. பிறகு 18 வோல்ட் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றுங்கள், நன்றாகத் தெரிகிற மாதிரி. மேடை ஏறும் அவசரத்தில், இருட்டில், பலகையைச் செட் செய்து தரப் போவது பெரும்பாலும் நீங்கள் இல்லை, இதையெல்லாம் படிக்காத உங்கள் டிரம்மர்.